ரெகுலாவும் மஞ்சள் பலகையும்

ரெகுலாவுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள். ஞாயிற்றுக்கிழமையானால் மலை ஏறிவிடுவாள், ஆனால் பனியாற்றுக்காகவோ பூக்களுக்காகவோ அல்ல. பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை இருக்கும். இன்ன இடத்துக்கு இத்தனை நேரம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பத்து நிமிடமாவது முன்னால் போய்ச் சேராவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். மற்றவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், இவள் சொல்லிவிடுவாள்.

அந்தப் பலகைகளைப் பராமரிப்பது அவள் கணவன் ஆல்வின். சம்பளம் இல்லாத வேலை. வருடா வருடம் துடைப்பான், மழையில் அழிந்ததை மாற்றுவான்.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. குளிர்காலம் முழுக்க ஊன்றுகோலோடு வீட்டைச் சுற்றிவந்தவள், ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பனியாத்துப் புல்வெளிக்கு ஒரே ஒரு தடவை போய்ப் பாப்பேன். பலகை நேரத்துக்குள்ள போகலேன்னா, அதோட மலைக்கு ஒரு கும்பிடு. நொண்டிக்கிட்டு எல்லாருக்கும் வழிவிட்டு நிக்கற பொழப்பு எனக்கு வேண்டாம்."

அவள் இல்லாமல் மலைக்குப் போய் ஆல்வினுக்குப் பழக்கமே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை.

ஜூலையில் போனார்கள். பேருந்திலிருந்து இறங்கிப் பாலத்தைத் தாண்டியதும் ரெகுலா நின்றுவிட்டாள். பலகையில் பனியாற்றுப் புல்வெளிக்கு '2 மணி 10 நிமிடம்' என்று இருந்தது.

"ஒண்ணரை மணி நேரம்தானே இது?"

"பாதையை மாத்தியிருப்பாங்க," என்றான் ஆல்வின், வானத்தைப் பார்த்து.

"மாத்துறது நீதானே? ஸ்க்ரூ நாலும் பளபளன்னு இருக்கு. ஊரை ஏமாத்த எப்பலேருந்து கத்துக்கிட்ட?"

"ஊரை இல்ல. உன்னை மட்டும்தான்."

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நாலாவது வளைவில் இடுப்பு மக்கர் செய்தது. ஒரு கல்லில் உட்கார வேண்டியதாயிற்று.

மேலேயிருந்து ஒரு தொந்திக்காரர் முகமெல்லாம் பல்லாக இறங்கி வந்தார்.

"பலகையில ரெண்டு மணி பத்துன்னு போட்டிருக்கும்மா. நான் ஒண்ணே முக்கால்ல ஏறிட்டேன்! இந்த வயசுல!"

"அடேங்கப்பா! நல்ல கால் உங்களுக்கு," என்றாள் ரெகுலா. ஆல்வினைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் தலை மறைந்ததும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் பூ இருந்தது. விரல் நுனியளவு நீலப் பூக்கள், கல்லிடுக்கில் மஞ்சள், ஈரத்தில் வெள்ளைப் பஞ்சுப்புல்.

புல்வெளிக்குப் போனதும் பனியாற்றின் குளிர்காற்று முகத்தில் அடித்தது. ரெகுலா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏறி வர ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிருக்கு. உன் பொய்ப் பலகைக்கே இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு."

ஆல்வினின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப இதுதான் கடைசியா?"

அவள் காலணிகளைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டினாள். சந்தோஷமாக இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாளைக்கே பழைய பலகையை மாட்டு. அப்புறம், அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்கணும், ஆல்வின். நமக்கு மூணு மணி நேரம் வேணும்."