இரண்டு மணிக்குப் போட்ட சைபர்

ஸைனுலாப்தீன் தூரத்தை மைலில் சொல்ல மாட்டார். ஐஸ் லொறி ஓட்டிக்கொண்டே குர்ஆனின் யாஸீன் சூராவை ஓதுவார். சாய்ந்தமருதில் இருந்து நிந்தவூருக்கு ஒரு யாஸீன். அக்கரைப்பற்றுக்கு மூன்று.

முன்பு அப்படி இல்லை. முன்பு சினிமாப் பாட்டுத்தான், அதிலும் பாதிச் சொல் தப்பு. சுனாமி வந்த காலையில் அவர் அம்பாறையில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கடற்கரையில் வீடு இல்லை, மனைவி பௌசியாவும் இல்லை. லொறியில் இருந்த ஐஸ் முழுவதையும் ஆஸ்பத்திரியில் மையித்துகள் கெடாமலிருக்க இறக்கிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள்தான் பௌசியா கிடைத்தாள்.

அதன் பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், அந்த சூராவை மனப்பாடம் செய்தார். ஓதி முடிந்ததும் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து ஏந்தி, பௌசியாவின் பெயரைச் சொல்லித் துஆ கேட்பார். பக்கத்தில் இருக்கும் மகள் நதீரா, "ரெண்டு கையையும் எடுத்துராதீங்க வாப்பா, எனக்கும் சேத்துக் கேக்க வேண்டி வரும்" என்பாள். ஒரு கையால் கேட்பார். ஆனால் கேட்காமல் அடுத்ததைத் தொடங்கியதே இல்லை.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன செவ்வாய்க்கிழமை, சந்தியில் வெடி கொளுத்தினார்கள். லொறித் தட்டில் நின்று ஐஸ் கட்டி தள்ளிக்கொண்டிருந்த ஸைனுலாப்தீன் துவக்குச் சத்தம் என்று குனிந்தார். ஈரத்தில் கால் வழுக்கியது. கீழே விழுந்ததில் தலையின் வலப்பக்கம் தார் ரோட்டில் அடித்தது. ஒரு நிமிடம் நினைவு இல்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து தொப்பியைத் தேடினார்.

கூட வேலை செய்யும் பக்கீர் முகைதீன் அவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அங்கே ஆண்கள் வாட்டில் நதீரா தாதியாக வேலையில் இருந்தாள்.

"லொறி ஓட்டத் தெரியும், லொறியில இருந்து இறங்கத்தான் ஒங்கட வாப்பாக்குத் தெரியா" என்றார் பக்கீர் முகைதீன்.

"முப்பது வருசச் சண்டையில ஒண்டும் ஆகல்ல. முடிஞ்ச அண்டைக்கு விழுந்திருக்கன் பாரு" என்று ஸைனுலாப்தீன் சிரித்தார்.

அந்த வாட்டில் அப்போதுதான் ஒரு புதிய தாளைப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாடி, சுவாசம், இரத்த அழுத்தம், காய்ச்சல், விழிப்பு. ஒவ்வொன்றுக்கும் சைபரில் இருந்து மூன்று வரை புள்ளி. சைபர் என்றால் பிழையில்லை. மொத்தம் நான்கைத் தொட்டால் டொக்டரைக் கூப்பிட வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் டொக்டர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தார்: மொத்தத்தைப் பார்க்க வேண்டாம், விழிப்பில் ஒரு புள்ளி வந்தாலே என்னைக் கூப்பிடவும். மண்டைக்குள் இரத்தம் தேங்கும்போது மற்ற எண்கள் கடைசி வரை நல்ல பிள்ளையாக இருக்கும், முதலில் மாறுவது விழிப்புத்தான் என்று அவர் வகுப்பிலும் சொல்லியிருந்தார். அங்கே ஸ்கேன் இல்லை. மண்டையைத் திறப்பதென்றால் கண்டிக்கு அனுப்ப வேண்டும். ஐந்து மணித்தியாலப் பயணம். இடையில் சோதனைச் சாவடிகள்.

பதினொரு மணிக்கு ஸைனுலாப்தீனைப் பொறுப்பெடுத்த தாதி கனகேஸ்வரி விழிப்பைப் பார்க்கும் கேள்விகளைக் கேட்டாள். பெயர் சொன்னார். இடம் சொன்னார். "செவ்வாய்க்கிழமை. அதையும் எழுதிக்கங்க, டொக்டர் மறந்துருவாரு" என்றார். சைபர். பன்னிரண்டுக்கும் சைபர். தலையிடி என்றார். ஒரு மணிக்குக் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

அவருடைய தங்கை ஸகியா கட்டிலருகே இருந்தாள். காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் குரலைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் பேச்சைக் குறைத்தார்கள்.

இரண்டு மணிக்குக் கனகேஸ்வரி தாளோடு நதீராவிடம் வந்தாள்.

"நாடி அம்பத்தெட்டு. பிறசர் நூற்றெழுபது. ரெண்டும் சைபருக்குள்ளதான் வருது. ஆனா உன்ட வாப்பா ஓதிக்கிட்டிரிக்கார். நான் இடையில கூப்பிட்டா உங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்க? நீயே கேளு."

காலையில் நாடி எண்பத்தெட்டு. அழுத்தம் நூற்றுமுப்பது. ஒன்று இறங்க மற்றது ஏறிக்கொண்டிருந்தது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அப்படி ஆகும், ஆனால் தாள் அதற்குப் புள்ளி வைக்கவில்லை.

நதீரா கட்டிலருகே போய் நின்றாள். அவர் கடைசி ஆயத்தில், சூராவின் முடிவு வசனத்தில், இருந்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. முடியட்டும், துஆவுக்குக் கை ஏந்தும்போது கேட்கலாம் என்று காத்திருந்தாள்.

கை எழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார்.

அவள் குனிந்து அவருடைய தோளைத் தட்டினாள்.

"வாப்பா, இது எந்த இடம்?"

ஓதல் நிற்கவில்லை.

"வாப்பா! நான் ஆர்?"

"என்னகா நீ!" ஸகியா அவளுடைய கையைப் பிடித்தாள். "ஓதுற மனிசன மறிக்கியே. படிச்சதும் போதும் ஒன்ட கேள்வியும் போதும்."

"ஒரு பதில் செல்லட்டும் மாமி. ஒண்டே ஒண்டு."

"எண்பத்தி மூணு ஆயத்து மாறாம ஓதுறாரு. இதுக்கு மேல என்ன பதில் வேணும் ஒனக்கு? காக்காட மூளை ஒன்ட மூளைய விட நல்லா இரிக்கி."

எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு கிழவர், "விடு மகள், ஓதட்டும்" என்றார். கனகேஸ்வரி தலை குனிந்துகொண்டாள்.

நதீரா பேனையை எடுத்தாள். இவ்வளவையும் பிசகாமல் சொல்கிறவரை விழிப்பில்லாதவர் என்று எப்படி எழுதுவது? ஒரு புள்ளி போட்டால் டொக்டர் வருவார், இத்தனை பேர் முன்னால் வாப்பாவின் ஓதலை நிறுத்துவார். விழிப்பு என்ற கட்டத்தில் சைபர் போட்டாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஓர் ஆயத்தின் நடுவில் ஓதல் நின்றது.

"அசந்துட்டாரு" என்றாள் ஸகியா.

நதீரா ஓடி வந்து, வலிக்காவது அசைகிறாரா என்று நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினாள். அசைவில்லை. இமையை விலக்கினாள். வலக் கண்மணி விரிந்து கிடந்தது. வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை.

டொக்டர் வந்தார். மூச்சுக் குழாய் போட்டார், கண்டிக்குச் சொன்னார், அம்புலன்ஸை வரச் சொன்னார். பிறகுதான் தாளை எடுத்தார்.

"இந்த ரெண்டு மணிச் சைபர் ஆர் போட்டது?"

"நான்."

"கேள்வி கேட்டீங்களா?"

"கேட்டன்."

"பதில் சொன்னாரா?"

"ஓதினார்."

டொக்டர் தாளை மடித்து அம்புலன்ஸ் காகிதங்களோடு வைத்தார்.

மகியங்கனைக்கு இப்பால், காட்டுப் பாதையில், நாடி நின்றது. மூச்சுக் குழாயில் மாட்டிய பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுத்துக்கொண்டு வந்தவள் நதீராதான். வாகனம் திரும்பிய பிறகும் அவள் அழுத்திக்கொண்டிருந்தாள். சாரதி சொன்ன பிறகே விட்டாள்.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஆட்கள். ஸகியா பெண்கள் நடுவில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஓதினாரு. ஓதின வாயோட போனாரு. ஆருக்குக் கிடைக்கும் இப்பிடி மௌத்து?"

பெண்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். ஒருத்தி கண்கலங்கி, தனக்கும் அப்படி வாய்க்க வேண்டும் என்றாள்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற நதீராவின் பக்கம் ஸகியா திரும்பினாள்.

"நீயும் பக்கத்துலதானே நிண்ட. செல்லு புள்ள. நல்லா ஓதினாரா இல்லியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஸகியாவின் முகத்தில் மூன்று நாளாக அந்த ஒன்றுதான் வெளிச்சம்.

"ஓம் மாமி" என்றாள் நதீரா. "நல்லா ஓதினார்."