பூமாலையின் அடுத்த வருஷம்

2002ஆம் ஆண்டு ஜனவரி 21, திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. கள்ளக்குறிச்சியை அடுத்த ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில், மரவள்ளிக் கிழங்குக் குவியலின் முன்னே பூமாலையை முதன்முதலாகக் கண்டேன். தோல் சீவும் கத்தியை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, பேனா புடிக்கிற மாதிரி புடிச்சிக்கினு இருக்க?"

நான் தமிழில் பட்டம் பெற்றவள் என்பது அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளோ வரலாற்றில் பட்டம் பெற்றவள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். இருவருக்கும் வேலையில்லை. இருவருக்கும் அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்க ஆசை. முதலாண்டுக் கட்டணம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். என் தந்தையின் அரை ஏக்கர் கரும்பு, என் பி.ஏ.வோடு தீர்ந்திருந்தது.

முதல் சனிக்கிழமை கூலி வாங்கும்போது, பழக்கத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். மேஸ்திரி தங்கதுரை பதிவேட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாம்மா, கலெக்டர் மாதிரி போடுற? படிச்சவங்க ரெண்டு நாள்ல ஓடிடுவாங்கன்னுதான் நான் சேக்கிறதே இல்ல."

"அறிவொளி வகுப்புல கத்துக்கினாங்க மேஸ்திரி. அந்த ஒரு பேருதான் எழுதத் தெரியும்," என்றாள் பூமாலை.

களமே சிரித்தது. அடுத்த வாரம் முதல் நாங்கள் இருவரும் கைநாட்டு வைத்தோம். நன்னூல் படித்த கட்டைவிரலில் மூன்று மாதம் நீலமை காயவே இல்லை.

கிழங்கு சீவிக்கொண்டே அவள் சோழர் வரலாற்றைச் சொல்லிப் பார்ப்பாள்; நான் தவறு திருத்துவேன். பக்கத்தில் அமர்ந்திருந்த சாலம்மாள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"டெய்லி ராசேந்திரன் ராசேந்திரன்றியே, யாருடி அது? நல்ல வேலையில இருக்காரா?"

"கப்பல்ல போயிட்டாரு சாலம்மா."

"வெளிநாடா! வுடாத, புடிச்சிக்க."

இன்றும் வகுப்பில் சோழர் கடற்படை என்று சொல்ல நேர்ந்தால் எனக்குக் கிழங்குப் பாலின் புளித்த வாசனை வருகிறது.

ஏப்ரலில் கிழங்கு விலை சரிந்தது. ஆலையை முன்கூட்டியே மூடினார்கள். இருவர் சேமிப்பையும் கூட்டினால் ஒரு கட்டணத்துக்கு மட்டுமே போதும். பூமாலை ஆலை வாசலிலேயே முடிவு சொன்னாள்.

"நீ கட்டுக்கா. எனக்குப் பழங்குடிச் சான்றிதழ் வந்துட்டா பாதிக் கட்டணந்தான். அடுத்த வருஷம் எனக்கு நீ கட்டு."

கணக்கு சரியாகப் பட்டது. அவளுடைய பணத்தையும், அவள் வாங்கி வைத்திருந்த விளக்கக் கையேட்டையும் பெற்றுக்கொண்டேன். வங்கியில் வரைவோலை எடுத்துப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் அந்தக் கையேட்டைப் பொறுமையாகப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில், 'அஞ்சல்வழி மாணவர்க்குக் கட்டணச் சலுகை எதுவும் இல்லை' என்றொரு வரி. அதன் கீழே பென்சில் கோடு. அந்தப் புத்தகம் அதுவரை அவள் கையில் மட்டுமே இருந்தது. அவளோ அன்று காலையே மலைக்குப் பேருந்து ஏறியிருந்தாள்.

அடுத்த பருவத்தில் அவள் ஆலைக்கு வரவில்லை. திருமணமாகிவிட்டது என்றாள் சாலம்மாள். அந்தப் பருவத்துக் கூலி என் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குச் சரியாகப் போயிற்று. மலைக்குச் சென்று அவளைப் பார்க்கவில்லை என்பதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

பி.எட். முடித்து, 2009இல் பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒரு வரைவோலை எடுத்து, விண்ணப்பத்தோடு மலையேறினேன். பூமாலை மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் இரண்டு குழந்தைகள். விண்ணப்பத்தை மண்படாமல் முழங்கையால் வாங்கி அணைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, கைநாட்டு வெக்கணுமா?"

சிரித்து முடித்ததும், அன்று பேருந்தில் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்ததைச் சொல்லிக் கேட்டேன். "பஸ்ஸுல போயா படிச்ச?" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "சின்னவன் பள்ளிக்கூடம் போவட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள்.

ஆறு மாதத்தில் வரைவோலை காலாவதியானது. பொங்கல்தோறும் அவளிடமிருந்து தொலைபேசி வரும். கிழங்கு விலையைச் சொல்வாள். என் மாணவர்களில் யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று விசாரிப்பாள். அந்த 'அடுத்த வருஷத்தை' மட்டும் இன்றுவரை அவள் கேட்டதில்லை.