வெள்ளி வாளில் மூன்று பொட்டு

ஸ்ப்ரே பெயின்ட் வாசனையும் சாம்பிராணிப் புகையும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் கோபம்தான் வரும். பக்தி வராது. தும்மல்கூட அப்புறம்தான்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. அப்போது நான் ஒன்பதாவது. படிப்பில் நான் பொம்மை, பொம்மையில் நான் படிப்பாளி.

பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடுவார்களே, அங்கே மலிவு பொம்மைகளாகப் பார்த்து வாங்கி வருவேன். ஒருத்தன் தலையை இன்னொருத்தன் உடம்பில் மாட்டி, குழாய் ஒட்டுகிற எபாக்ஸி மாவைப் பிசைந்து மூக்கு, மீசை, தொப்பை எல்லாம் வைப்பேன். எங்கள் கணக்கு வாத்தியாரை ஆறு அங்குலத்தில், முதுகில் சிவப்புத் துணி பறக்க, சூப்பர் ஹீரோவாகச் செய்து அவர் மேஜை மேலேயே நிறுத்தினேன். "மீசை சரியா வரலடா" என்றார். சொல்லிவிட்டு முட்டி போட வைத்தார்.

ஆனால் அந்த வாள் மட்டும் விளையாட்டில்லை...

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு விண்வெளி சீரியல் வரும். அதில் கேப்டன் வைத்திருக்கும் வாளை அச்சு அசலாகச் செய்தேன். கேப்டன் கையைத் தூக்கும்போதெல்லாம் ஸ்கேலோடு டிவியிடம் ஓடுவேன். பிளாஸ்டிக் பைப்பை அடுப்பில் காட்டி, இளகியதும் பலகைக்கு அடியில் வைத்து, மேலே ஏறி நின்று தட்டையாக்கினேன். செருப்பு தைக்கிற ரப்பர் ஷீட்டில் கைப்பிடி. பழைய பொம்மையிலிருந்து பிடுங்கிய நீல லைட். காலாண்டு லீவு முழுக்க அதற்கே போனது.

எங்கள் தெரு பிரவீன் அண்ணன் அந்த கேப்டன் வேஷம் போட்டுக்கொண்டு சென்னையில் ஒரு காஸ்ட்யூம் போட்டிக்குப் போவதாக இருந்தார். பூஜைக்கு மறுநாள், விடியற்காலை முதல் பஸ். "டிரெஸ் என்னுது, வாள் உன்னுது. மேடையில உன் பேரையும் சொல்லுவேன்டா" என்றிருந்தார். என் பேரை மைக்கில் அதுவரை யாரும் திட்டாமல் சொன்னதில்லை.

பூஜை அன்று காலை எட்டு மணிக்குக் கடைசி கோட் சில்வர் அடித்து, மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டேன். சாயந்திரம் வரை காய வேண்டும். அம்மா பொரி, கடலை வாங்க அனுப்பினாள். திரும்பி வந்தால் கொடியில் கட்டின கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கீழே ஓடினேன். வீட்டுக்கு முன்புறம்தான் அப்பாவின் டூவீலர் மெக்கானிக் கடை. ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், காற்றடிக்கிற பம்ப்... எல்லாம் துடைத்து வரிசையாக. நடுவில் என் வாள். மூன்று இடத்தில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யாருப்பா இத எடுத்தது?"

"நான்தான்டா. வேலை செய்ற சாமான் எல்லாத்தையும் வெச்சாச்சு. உன்னுத மட்டும் எப்படி உடறது?"

அதுவரை அதைக் 'குழாய்க் குப்பை' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்!

ஆத்திரத்தில் துணியை எடுத்துத் தேய்த்தேன். சொல்ல மனசு வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பொட்டை அப்படியே விட்டிருந்தால் சேதம் பொட்டோடு போயிருக்கும். தேய்த்ததில் குங்குமம் சில்வரோடு குழைந்து, பாதி வாள் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது.

பெயின்ட் டப்பாவைத் தேடினேன். அதுவும் வரிசையில். அதற்கும் பொட்டு.

"டப்பாவ குடுப்பா."

"பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்குக் காலைல எடுத்துக்க."

"பஸ்ஸுக்குந்தான் பொட்டு வெச்சு மாலை போட்டிருக்காங்க. ஓட்டாமயா நிறுத்திட்டாங்க?"

"அது கவர்மென்ட் பஸ்ஸுடா."

வேறு டப்பா வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினேன். ஊரில் ஒரு ஹார்டுவேர் கடைகூடத் திறந்திருக்கவில்லை.

சாயந்திரம் பிரவீன் அண்ணன் வந்தார். வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்லடா. அட்டையில ஒண்ணு வெட்டிக்கிறேன்" என்றார். திட்டியிருக்கலாம். அந்தப் 'பரவால்ல' இருக்கிறதே... இன்னும் எரிகிறது. அப்புறம் போட்டோ அனுப்பினார். மேடையில் அட்டை வாள் வாழை இலை மாதிரி வளைந்து தொங்கியது.

நான் சும்மா விடுவேனா? மறுநாள் அப்பா எழுந்து பார்த்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடி, செல்போன், டிவி ரிமோட், தைத்து வந்த புது வெள்ளைச் சட்டை... எல்லாவற்றிலும் மும்மூன்று பொட்டு.

"டேய், கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சுடா உனக்கு!" என்று அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"எல்லாம் உழைக்கிற சாமான்தானேம்மா. இதுங்கள மட்டும் எப்படி உடறது?"

அப்பா அடிக்கவில்லை. கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "கண்ணாடிக்காச்சும் கம்மியா வெச்சிருக்கலாம்டா" என்றார். அவ்வளவுதான். ஒரு 'தெரியாம பண்ணிட்டேன்' கிடையாது.

இப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறேன். லேபில் த்ரீடி பிரின்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்து பட்டனைத் தட்டினால் மறுநாள் வாள் கையில். தூசி படாமல் காய வைக்கத் தனி அறைகூட உண்டு. யாரும் எடுப்பதில்லை. யாரும் பொட்டு வைப்பதுமில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பரீட்சை, ஊருக்குப் போகவில்லை. அப்பா வீடியோ காலில் கடையைக் காட்டினார். ஸ்பேனர் வரிசைக்கு நடுவில் அதே வாள். பளபளவென்று.

"போன வாரமே சில்வர் அடிச்சு, மேல வார்னிஷும் உட்டேன்டா. நல்லா காஞ்சுதானு தொட்டுப் பாத்துட்டுதான் பொட்டு வெச்சேன்" என்றார்.

"சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தொட்டுப் பார்க்க நாலு வருஷம்! அன்றைக்கு ஒரு விரல், ஒரே ஒரு தடவை... என்னப்பா குறைந்துபோயிருக்கும்?