திரையோரத்து எண்

அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்.

புனேயை அடுத்த ஆகுர்டியில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பிலிம் காலத்தில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. கம்பெனியில் விரல் நசுங்கி வருகிறவரோ, நெஞ்சு வலியென்று வருகிறவரோ, ஆளின் பருமனைக் கண்ணால் அளந்தே கதிரின் அளவை வைத்துவிடுவேன். அளவு கூடினால் படம் கருத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து டாக்டர் தலையாட்டுவார். எனக்கு அது போதும்.

பிறகு டிஜிட்டல் மெஷின் வந்தது. கூடவே அவளும் வந்தாள். புனேயின் இன்னொரு கோடியில், லோஹேகாவில் பிறந்து வளர்ந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பெண், அப்பா விமானப்படையில். பேச்சில் தமிழ் பாதி, இந்தி பாதி. என்னைவிட இருபது வயது இளையவள்.

புது மெஷினில் அளவு கூடினாலும் படம் கருக்காது. தானே சரிசெய்துகொண்டு பளிச்சென்று காட்டும். ரொம்பக் குறைத்தால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். திரும்ப எடுக்க நேர்ந்தால் மானம் போகுமே என்று நான் எப்போதும் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் உடம்புக்குள் எவ்வளவு கதிர் போனது என்று திரையோரத்தில் ஒரு எண் விழும். என் எண் எப்போதும் அவளுடையதைவிடப் பெரிது.

"அக்கா, இத்தனை கதிர் வேண்டாம், உடம்புக்குக் கெடுதல். தோடா கம், கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள் ஒருநாள்.

"நீ பால் குடிச்சிட்டிருந்தப்பவே நான் படம் எடுத்தவ. உன் வேலையைப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பும் எனக்கு ஆகவில்லை.

டாக்டர் வாராவாரம் எங்கள் எண்களைச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தார். குறைந்த எண்ணுக்கு முதல் இடம். அவள் மேலே, நான் அடியில். அவள் படமெல்லாம் புள்ளியடிக்கிறது என்று அவரிடம் போய்க் கோள் சொன்னேன். நோய் தெரிகிறதே, அது போதாதா என்று மராத்தியில் கேட்டுவிட்டு அவர் வேறு வேலையைப் பார்த்தார். அதன் பிறகும் நான் இம்மியும் குறைக்கவில்லை. எல்லாம் வீம்பு.

மழைக்காலத்தில் என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. எட்டு வயது. இன்றைக்கு ஒரு படம், மருந்து முடிந்ததும் இன்னொன்று என்றார் டாக்டர். நானே குழந்தையை நிறுத்திவிட்டு மெஷினிடம் போனேன். கை தன் பாட்டுக்கு அளவைக் கூட்டிவிட்டது. கண்ணாடி வழியே குழந்தையின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. குறைக்கத்தான் நினைத்தேன். எவ்வளவு குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் யாரிடமும் கேட்டதே இல்லையே.

கதவைத் திறந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "நீயே எடு."

அவள் உள்ளே வந்தாள். கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தைக் குழந்தையின் நெஞ்சளவுக்குச் சுருக்கினாள், அளவைக் குறைத்தாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். ஒரே தடவையில் முடிந்தது. எண்ணைப் பார்த்தேன். எனக்கு வழக்கமாக விழுவதில் பாதிகூட இல்லை. பெற்ற பிள்ளைக்கு நல்லது நடந்த அந்த நிமிடத்திலும் எனக்கு எரிந்தது.

"அம்மா, நீ ஏன் எடுக்கலை?" என்றாள் மகள், சட்டையை மாட்டிக்கொண்டே.

"அந்த அக்கா நல்லா எடுப்பா" என்றேன்.

அன்று காலையில் வேறு இரண்டு குழந்தைகளுக்கு நான்தான் என் வழக்கமான அளவில் எடுத்திருந்தேன். அப்போதும் அந்தப் பெண் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.