பள்ளத்தில் நிற்கும் பாட்டு

பள்ளிகொண்டா தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் பாட்டு நின்றுவிடும். அடுத்த பள்ளத்தில் தானாகவே பாடும். என் கார் ஆடியோ இப்படி என் உயிரை வாங்கியது. செட்டை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை.

கடைசியில் தம்பி மேல் பாய்ந்தேன். பாட்டு நிற்க ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம் அவன்தான் தோஸ்துகளோடு ஏலகிரிக்குக் காரை எடுத்துப் போயிருந்தான்.

“இன்னாடா பண்ணி வச்ச?”

“நான் எதுலயும் கை வைக்கலண்ணா.”

“பின்ன பேயா வந்து வயரப் புடுங்குச்சு? இனிமே என் வண்டில ஏறாத!”

தினமும் என்னோடு ஆம்பூருக்கு வேலைக்கு வருபவன், மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எரிச்சல் தாங்காமல் டிக்கி விரிப்பைப் பிய்த்து எடுத்தேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு.

ஏலகிரியில் ஏது உப்பு? தோல் வியாபாரி நான். டெம்போ வைக்கச் சோம்பல்பட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, கெடாமலிருக்க உப்பு தடவிய தோலை அந்த டிக்கியில் போட்டுப் பதனிட டேனரிக்குக் கொண்டுபோனவனும் நான்தான்.

துருவைச் சுரண்டி போல்ட்டை முறுக்கினேன். பாட்டு வந்துவிட்டது.

“நாளைலேர்ந்து வண்டில வாடா” என்றேன் தம்பியிடம்.

“பஸ்ஸே பழகிப்போச்சுண்ணா.”

இப்போது எந்தப் பள்ளத்திலும் பாட்டு நிற்பதில்லை. ஆம்பூர் வரை நான் ஒருவனே கேட்டுக்கொண்டு போகிறேன்.