அடி அண்ணாமலையில் வாடகைக்கு ஓர் அறை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. அப்போது வேலூரில் பேங்க் குமாஸ்தாவாக இருந்தேன். லீவு கேட்டாலே மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். எப்படியோ கெஞ்சி ஒரு நாள் வாங்கி, மச்சானோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன்.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர் சுப்பையா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, "இந்தியாவுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். என் தங்கை, இரண்டு பிள்ளைகளோடு கப்பலேறி வந்து, அகதி முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு என்னிடம் வந்துவிட்டார். நானும் அங்கே பிறந்தவன்தான், படிக்கச் சின்ன வயதிலேயே இங்கே வந்ததால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மாதக்கணக்காக எல்லோரும் என் ஒற்றை அறையில்தான். கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை, அதன் பின்னால் குடியிருக்க இடம், இது கிடைத்தால் பிழைத்தோம். சாமி தரிசனமெல்லாம் இரண்டாம்பட்சம்.

வேலூரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. முதல் பஸ், ஜன்னலோரம், இரண்டரை மணி நேரம். போளூர் தாண்டியதும் பனி வயலையெல்லாம் மூடிக்கொண்டது. அதற்குள்ளிருந்து மலை மெதுவாக எழுந்து வந்தது. அடிவாரமே தெரியவில்லை, உச்சி மட்டும் மிதந்தது. தூங்கிக்கொண்டிருந்த மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"மச்சான், நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு" என்றார்.

கோயிலில் கும்பிட்டுவிட்டுச் செங்கம் ரோடு வழியாக நடந்தோம். அடி அண்ணாமலைக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். அன்றைக்கு அது மண் பாதை, இரண்டு பக்கமும் புளிய மரம், எங்கேயோ மயில் அகவும். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல், தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கே அந்த நடை தொற்றிக்கொண்டது. எதற்கு வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

பாதையோரம் இரண்டு அறைக் கட்டடம் ஒன்று காலியாக இருந்தது. சொந்தக்காரி தனம்மாள், பக்கத்து வீட்டிலேயே மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். மச்சான் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்ததுமே முகம் மாறிவிட்டது.

"தப்பா நெனைச்சிக்காதீங்க. சிலோன்லேர்ந்து வந்தவங்கன்றீங்க. உள்ள வந்துட்டா அப்புறம் எங்க போவீங்க? காலி பண்ணுங்கன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லணுங்க."

நான் பேங்க் வேலையைச் சொன்னேன். "வேலூரு எங்க, இது எங்க!" என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பால் சொம்போடு பின்கட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஜெர்மன்காரராம், பெயர் பீட்டர், காவி வேட்டி. மச்சான் விருட்டென்று எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, "சலாங்க தொரை" என்றார். தோட்டத்துப் பழக்கம், வெள்ளைத் தோலைப் பார்த்தால் கால் தானாக எழுந்துவிடும். பாவம், அந்த மனிதர் பதறிப்போய்க் கைகூப்பினார்.

தனம்மாள் சிரித்துவிட்டார். "நம்ம சாமிங்க இவரு. நாலு வருஷமா எங்க வீட்டுப் பின்னாடி ரூம்லதான் இருக்காரு. கார்த்திகைக்கு வருவாரு, பங்குனி வெயில் ஜாஸ்தியாச்சுன்னா போயிடுவாரு. நம்மூரு ஆளு மாதிரிதான்."

வருஷா வருஷம் போய்விடுகிறவர் நம்மூர் ஆள்; போக வழியில்லாதவர் அந்நியர். நடந்ததை அரைகுறையாகப் புரிந்துகொண்ட பீட்டர், "அம்மா, நான் சொல்றேன். இவர் நல்லவர்" என்றார். மச்சானைப் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சாமியே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன! வெள்ளிக்கிழமை வந்து பால் காய்ச்சிடுங்க."

தமிழன் நல்லவன் என்று தமிழச்சியிடம் சொல்ல ஜெர்மனியிலிருந்து ஆள் வரவேண்டுமா? நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மச்சான். புள்ளைகளுக்கு ஒரு கூரை கெடச்சிருச்சு."

பிறகு மூவரும் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மச்சான், "தொரைக்கு ஊர்ல வீடு இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது, அம்மா இருக்கிறார், பங்குனியில் போய்விட்டு வருவேன் என்றார் பீட்டர். அவர் போனபின் மச்சான் சொன்னார்: "போயிட்டு வர்றதுன்னா எவ்வளவு நல்லாருக்கும். நமக்கு ஒரு வழிப் பாதைதான் மச்சான்."

இரண்டு பேரும் வேறு தேசத்திலிருந்துதான் வந்தார்கள். திரும்பிப்போக ஓர் இடம் இருந்ததால் பீட்டருக்கு இந்த மண் கனவாக இருந்தது. மச்சானுக்கு அது கிடைத்தே தீரவேண்டிய கூரை. வெளிநாட்டில் போய் வசிப்பதும் குடியேறுவதும் ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

நீங்கள் போவதாக இருந்தால் மார்கழி, தை உத்தமம். பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். விடியலிலேயே நடக்கத் தொடங்குங்கள், அடி அண்ணாமலையில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள்.

அன்று சாயங்காலம் மச்சான் அறையைச் சுத்தம் செய்ய அங்கேயே தங்கிவிட்டார். என்னை டவுன் பஸ் ஏற்றிவிட ரோடு வரை வந்தார். தோட்டத்தில், துறைமுகத்தில், முகாமில், எல்லா இடத்திலும் அவரைத்தான் யாராவது அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

பஸ் நகர்ந்தது. மச்சான் ரோட்டோரத்தில் நின்று, கையை உயர்த்தி, ஊர்க்காரர் தோரணையில் சத்தமாகச் சொன்னார்: "பாத்துப் போயிட்டு வாங்க, மச்சான்!"