பன்னிரண்டை மூன்றால் வகுத்த நாள்

தாராவியில் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகள் தமிழில் அழுகிறார்கள், இந்தியில் சண்டை போடுகிறார்கள். பென்சிலைப் பறித்தவனை இந்தியில் வாய் நிறையத் திட்டிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "டீச்சர், என்னைய அடிச்சிட்டான்" என்று திருநெல்வேலித் தமிழில் முறையிடுவார்கள். ஒரே மொழியில் அழுது, அதே மொழியில் வசவு வாங்கி வளர்ந்த எனக்கு இது பழகுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

அறுபத்திரண்டில் நான் பம்பாய்க்கு வந்ததே ஒரு வகுத்தல் கணக்கால்தான். அப்பா இறந்ததும் அண்ணன்மார் இருவரும் பாளையங்கோட்டை வீட்டைச் சரிபாதியாகப் பிரித்து, அடுப்படிக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். பெண்ணுக்குப் பங்கு கிடையாது. மீதியாக நின்ற என்னை, பம்பாய்ப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கையில் இருந்த ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை வாங்கித் தந்தது. மூன்றாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள். சமமாகப் பங்கு போடுவது எப்படி என்று நான் அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டும்!

பயிற்சிப் பள்ளியில் புளியங்கொட்டையை வைத்து வகுத்தல் சொல்லித் தந்தார்கள். இங்கே சோடா மூடிகள். பன்னிரண்டு மூடிகளைக் கொடுத்து, "மூணு பேருக்குச் சமமாப் பங்கு போடு" என்றேன் பேச்சியம்மாளிடம். எட்டு வயது. வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் ஆறு, நாலு, ரெண்டு என்று வைத்தாள்.

"சமமா வைக்கணும்டி."

"எங்க அய்யாவுக்கு ஆறு, அண்ணனுக்கு நாலு, எனக்கும் அம்மைக்கும் சேத்து ரெண்டு. அதானே டீச்சர் வழக்கம்?"

அவள் வீட்டுக் கணக்கில் தப்பே இல்லை. என் பாடப் புத்தகத்தில்தான் அப்பேர்ப்பட்ட வீடு இல்லை. மூன்று வாரம் போராடி, "பள்ளிக்கூடத்துல மட்டும் எல்லாருக்கும் சமம்" என்று ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளைப் பார்வையிடும் மராத்திக்கார அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. நான் முந்தின நாளே பிள்ளைகளைத் தயார் செய்தேன். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறாரு. அவர் என்ன சொன்னாலும் உடனே செய்யணும், தெரியுதா?" என்றேன். வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டது. ஒழுக்கம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

அதிகாரி நல்ல மனிதர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மராத்தி புரியாதே என்று கருணையோடு இந்திக்கு மாறினார். பின்னால் காக்கிச் சட்டையில் அவருடைய பியூன். பலகையில் பன்னிரண்டையும் மூன்றையும் எழுதிவிட்டு, "பாரா கோ தீன் ஸே பாக் தோ" என்றார். யாரும் அசையவில்லை. காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் பிரம்பை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டி, "பாக்!" என்றார்.

பள்ளிக்கூட இந்தியில் 'பாக்' என்றால் வகுத்தல். தாராவிச் சந்துகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஓடு. மதுவிலக்கு போலீஸ் சந்துக்குள் நுழையும்போது முதலில் கேட்கிற சொல் அது. 'இன்ஸ்பெக்டர்' என்றாலும் அங்கே போலீஸ்தான்.

"போலீஸ்!" என்று கத்திக்கொண்டு பேச்சியம்மாள்தான் முதலில் பாய்ந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் நாற்பது பேரும் இல்லை. அதிகாரி பிரம்பும் கையுமாக நின்றார்.

"வாட் இஸ் திஸ்?"

உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் எதற்காகப் போலீசுக்குப் பயப்படுகிறார்கள் என்றும் சொல்லவேண்டும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நான், ஓட்டை இங்கிலீஷில், "கல் பொறுக்கப் போயிருக்கிறார்கள் ஸார். கல்லை வைத்துத்தான் வகுப்பார்கள். ஆக்டிவிட்டி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "வெரி மாடர்ன்! நான் காத்திருக்கிறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். சந்துக்குள் நுழையும் முன்பே சாராய வாடை மூக்கைத் துளைத்தது. சாக்கடையில் நுரை பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொண்டுபோன செய்தியை நம்பி, சந்து முழுக்கப் பானைகளைக் கவிழ்த்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர்கூட இல்லாமல், கல்வித் துறை தனியாகவே மதுவிலக்கை நடத்திக் காட்டிவிட்டது. பேச்சியம்மாளின் அம்மா சண்முகத்தாய் வெறும் பானையோடு வாசலில் நின்றாள்.

"போலீஸ் எங்க டீச்சர்?"

"போலீஸ் இல்லம்மா. கணக்கு."

"கணக்கா? அடுப்பையும் அணைச்சிட்டு நிக்கேன், கணக்குங்கீயளே!" அவள் புருஷன் குடித்துத் தீர்ப்பதுபோக, இந்தப் பானைதான் வீட்டுக்குச் சோறு போட்டது என்பது எனக்குத் தெரியும். காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. "இன்ஸ்பெக்டர் அங்க உக்காந்திருக்காரு. பிள்ளைங்க கல்லோட வரலேன்னா, ஏன் ஓடுனாங்கன்னு விசாரிப்பாரு" என்றேன்.

விளக்கம் கேட்கவில்லை அவள். பானையைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி பேச்சி! ஏலே, எல்லாரும் ஆளுக்குப் பன்னெண்டு கல்லப் பொறுக்குங்க! நில்லாம ஓடுங்க பள்ளிக்கூடத்துக்கு!" என்று சந்து அதிரக் கத்தினாள்.

நாற்பது பேரும் மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்து, மூன்று வரிசையில் நாலு நாலு கல்லாக அடுக்கினார்கள். அய்யாவுக்கு ஒரு கல்கூட அதிகம் வைக்காமல் பேச்சியம்மாளும் அடுக்கினாள். அதிகாரி குனிந்து, மிச்சம் எவ்வளவு என்று இந்தியில் கேட்டார்.

"குச் நஹி, ஸாப்" என்றாள் அவள். ஒன்றும் மிச்சமில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன்.

வகுப்பு பிழைத்தது. செய்முறைக் கல்வியில் நான் சிறந்தவள் என்று அதிகாரி எழுதிப் போனார். இப்போது மாதம் ஒருமுறை விக்ரோலிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்புகிறார்கள், மற்ற ஆசிரியைகளுக்கு நான் கல் பொறுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். சந்தில் யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. சண்முகத்தாய் மட்டும் ஒருநாள் வழிமறித்து, சாதாரணமாகக் கேட்டாள்: "நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா டீச்சர்?"

தமிழில்தான் கேட்டாள். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன்.

காலையில் அந்தச் சந்து வழியாகத்தான் பள்ளிக்கு நடக்கிறேன். நான் வருவதைப் பார்த்ததும் ஒவ்வொரு வாசலிலும் சாக்குத் திரை விழுகிறது, உள்ளே பானைகளை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. நான் தாண்டிப் போனதும் அதே திரைகளை விலக்கிக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிய தலைகளோடு பிள்ளைகள் வெளியே வந்து என் பின்னால் நடக்கிறார்கள். சந்தின் முனையை நெருங்கும்போது எனக்கு முன்னால் ஒரு வாசலும் திறந்திருக்காது, பின்னால் நாற்பது பிள்ளைகள் வந்துகொண்டிருப்பார்கள்.